மூன்று பேர் சேர்ந்த புலி

புலி மூச்சு விட்டது. இந்த நாடகத்தைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான். லண்டன் விண்டம்ஸ் தியேட்டரில், மேடைக்கு நடுவே ஓர் உயிர்காப்புப் படகு. அதன் ஒரு முனையில் ரிச்சர்ட் பார்க்கர் என்ற வங்கப் புலி படுத்திருக்கிறது. விலா மெல்ல விரிகிறது, ஒரு கணம் நிற்கிறது, சுருங்குகிறது. அதைத் தாங்கிக்கொண்டு மூன்று மனிதர்கள். முகம் தெரிகிறது, முழங்கை தெரிகிறது, நெற்றி வியர்வைகூடத் தெரிகிறது. எனக்குப் பின்வரிசையில் யாரோ மிட்டாய்த் தாளைப் பிரித்தார்கள். புலி தலையைத் தூக்கி அந்தப் பக்கம் பார்த்தது. அவ்வளவுதான். எழுநூறு பேருக்கு மேல் கொள்ளும் அரங்கில் இடைவேளை வரை அதற்கப்புறம் ஒரு தாள் சரசரக்கவில்லை.

‘லைஃப் ஆஃப் பை’ நாடகம்தான். அதற்கு மூலம் கனடா எழுத்தாளர் யான் மார்டெல் 2001இல் வெளியிட்டு, 2002இல் புக்கர் பரிசு வாங்கிய நாவல். ஆங் லீ 2012இல் படமாக எடுத்தார், நான்கு ஆஸ்கார். நம்மில் பெரும்பாலோருக்குக் கதை அந்தப் படம் வழியாகத்தான் தெரியும். புதுச்சேரியில் மிருகக்காட்சி சாலை நடத்தும் ஒரு குடும்பம், விலங்குகளோடு கனடாவுக்குக் கப்பலேறுகிறது. 1977 ஜூலையில் கப்பல் பசிபிக் கடலில் மூழ்குகிறது. பை என்ற பையன் மட்டும் ஒரு படகில் தப்பிக்கிறான், ஒரு புலியோடு. 227 நாட்கள்.

இதை மேடையில் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. கடல் எங்கே, கப்பல் எங்கே, புலிக்கு எங்கே போவார்கள்? நான் பிறந்து வளர்ந்தது புதுச்சேரி. நாவல் மிருகக்காட்சி சாலையை வைத்திருப்பது எங்கள் பொட்டானிக்கல் கார்டனில். 1826இல் பிரெஞ்சுக்காரர்கள் அமைத்த தோட்டம் அது. அங்கே சின்ன வயதில் குட்டி ரயிலில் சுற்றியிருக்கிறேன்; புலியை மட்டும் பார்த்ததில்லை. ஆக ஊர்ப்பாசம் பாதி, என்னதான் செய்துவிடுவார்கள் என்ற எகத்தாளம் பாதியாக டிக்கெட் எடுத்தேன். கூட அக்கா மகன். பதின்மூன்று வயது, எதைக் காட்டினாலும் ‘ஓகே’ என்று மட்டும் சொல்லும் பருவம்.

நாடகம் கடலில் தொடங்கவில்லை. மெக்சிகோவில் ஒரு மருத்துவமனை அறை. சாம்பல் சுவர், இரும்புக் கட்டில். கட்டிலுக்கு அடியில் ஒரு பையன் ஒளிந்திருக்கிறான். கப்பல் ஏன் மூழ்கியது என்று விசாரிக்க ஜப்பானியப் போக்குவரத்து அமைச்சகத்திலிருந்து ஒகமோட்டோ என்பவரும், கனடியத் தூதரகத்திலிருந்து ஒரு பெண்ணும் வந்திருக்கிறார்கள். நாவலில் இந்த விசாரணை கடைசிப் பகுதி. வாசகன் கதையை முழுக்க நம்பி முடித்த பிறகுதான் அதிகாரிகள் வருவார்கள். நாடகமாக்கிய லோலிதா சக்ரவர்த்தி அதைத் தூக்கி முதலில் வைத்துவிட்டார். அங்கேயே அந்த அம்மாவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிடலாம். முதல் நிமிஷத்திலிருந்தே நாமும் அந்த அதிகாரிகளோடு நாற்காலி போட்டு உட்கார்ந்து, இந்தப் பையன் சொல்வது உண்மையா என்று எடைபோட ஆரம்பித்துவிடுகிறோம். நடிகையாக இருந்து நாடகாசிரியரான பெங்காலி வம்சாவளிக்காரர் அவர். அண்ணன் ரவியை அக்கா ராணியாக்கியிருக்கிறார்; உயிரியல் ஆசிரியரைப் பெண்ணாக்கியிருக்கிறார். வீட்டில் ஒரு பெண் குரல் கூடியதும் குடும்பக் காட்சிகளின் சண்டையும் சிரிப்பும் வேறு மாதிரி ஆகிவிட்டன.

பையன் பேசப் பேச அறை கரைகிறது. சுவரில் வெயில் அடிக்கிறது, பட்டாம்பூச்சிகள் பறக்கின்றன, விலங்குகள் நுழைகின்றன. திடீரென்று விளக்கு மாறினால் மறுபடி அதே சாம்பல் அறை, அதே கட்டில். இந்தப் போக்குவரத்து இரண்டு மணி நேரத்துக்கும் மேல் நடக்கிறது. ஒரு தடவைகூட ‘இப்போது காட்சி மாற்றுகிறார்கள்’ என்று தோன்றவில்லை. இயக்குநர் மேக்ஸ் வெப்ஸ்டர். அரங்க அமைப்பு டிம் ஹாட்லி.

புயல் காட்சிக்கு வருகிறேன். அதற்கு என்னிடம் சரியான வார்த்தை இல்லை, இருந்தாலும் முயற்சி செய்கிறேன். கட்டில் இருந்த இடத்தில் தரை பிளந்து படகு மேலே வருகிறது. மேடைத்தரை முழுவதும் அலை, சுவர் முழுவதும் மழை. எல்லாம் ஒளிப்படம்தான், ஆண்ட்ரே கோல்டிங் என்பவரின் கைவண்ணம். ஒளியமைப்பாளர் டிம் லட்கின் மின்னலை வெட்டவிடும் ஒவ்வொரு நொடியிலும் மேடையில் மனிதர்கள் வேறு வேறு இடத்தில் இருக்கிறார்கள். பை படகின் விளிம்பிலிருந்து குதிக்கிறான். மரத்தரையில் விழுவான் என்று உடம்பு தயாராகிறது. அவன் தரைக்குள்ளே போய்விடுகிறான். தலை மூழ்கி, கை மட்டும் ஒரு கணம் மேலே நின்று, அதுவும் மறைந்தது. தரையில் எங்கோ திறப்பு இருக்க வேண்டும் என்று மூளைக்குத் தெரியும். எனக்கு மூச்சு முட்டியது.

இப்போது விலங்குகள். படகில் முதலில் நான்கு: கால் ஒடிந்த வரிக்குதிரை, கழுதைப்புலி, ஆரஞ்சு ஜூஸ் என்ற பெயருள்ள ஒராங்குட்டான், பிறகு புலி. எந்தப் பொம்மைக்கும் ரோமம் ஒட்டவில்லை. கரையொதுங்கிய மரத்துண்டுகளைச் சேர்த்துக் கட்டியது போன்ற உடம்பு. துண்டுக்குத் துண்டு இடைவெளி. அதன் வழியே உள்ளே குனிந்திருக்கும் ஆளின் முதுகு தெரிகிறது. புலியின் தலையைப் பிடித்திருப்பவர் பக்கத்திலேயே நடக்கிறார். நெஞ்சுப் பகுதிக்கு ஒருவர், பின்னுடம்புக்கு ஒருவர். மூவரும் ஒரே மூச்சில் ஏறி இறங்குகிறார்கள். புலி நடக்கும்போது தோள்பட்டை எலும்பு மாறி மாறி மேலே எழும்பும் இல்லையா, வண்டலூரில் கம்பிக்கு வெளியே நின்று பார்த்திருப்பீர்கள், அது அப்படியே இருக்கிறது. பாயும்போது மூன்று பேரும் சேர்ந்து காற்றில் எழும்புகிறார்கள். நின்ற பிறகும் உடம்பின் கனம் ஒரு கணம் தாமதித்து வந்து உட்காருகிறது. அந்தத் தாமதத்தில்தான் இருநூறு கிலோ தெரிகிறது.

பொம்மைகளை வடிவமைத்தவர்கள் நிக் பார்ன்ஸும் ஃபின் கால்டுவெல்லும். கால்டுவெல் ‘வார் ஹார்ஸ்’ நாடகத்தின் குதிரைகளோடு வேலை செய்தவர். புலியை இயக்கியவர்கள் முறைவைத்து மாறிய ஏழு பேர். 2022இல் லண்டன் நாடக உலகின் பெரிய விருதான ஆலிவியரில், சிறந்த துணை நடிகருக்கானதை அந்த ஏழு பேருக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். அதாவது விருது வாங்கியது புலி. பொம்மையாட்டிகளுக்கு அந்த விருது அதற்கு முன் போனதில்லை. பை வேடம் போட்ட ஹிரான் அபேசேகரவுக்குச் சிறந்த நடிகர் விருது. சிறந்த புதிய நாடகம், அரங்க அமைப்பு, ஒளி என்று மொத்தம் ஐந்து.

ஹிரானைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இலங்கையர். சின்ன உருவம், பெரிய கண். மேடையை விட்டு அவர் இறங்குவது அபூர்வம். ஓடுகிறார், ஏறுகிறார், மிதக்கிறார், மற்ற நடிகர்கள் அவரைத் தூக்கிக் காற்றில் நீந்த விடுகிறார்கள். இவ்வளவு ஆட்டத்துக்கு நடுவே அந்த முகத்தில் ஒரு குறும்பு இருக்கிறது. பசியில் சுருண்டு கிடக்கும்போதுகூட ஒரு ஜோக் அடிக்கிறான், நாம் சிரிக்கிறோம், சிரித்ததற்காக வெட்கப்படுகிறோம். முதல் மீனைக் கொல்லும் இடம். காய்கறி மட்டுமே சாப்பிட்டு வளர்ந்த பையன், மீனை அடித்துவிட்டு அதனிடம் மன்னிப்புக் கேட்டு அழுகிறான். அழுதுகொண்டே தின்கிறான். எனக்கு அடுத்த சீட்டில் இருந்த வெள்ளைக்காரப் பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். இதே ஹிரான் 2025இல் லண்டன் நேஷனல் தியேட்டரில் ஹாம்லெட்டாக நின்றபோது, பையைப் பார்த்திருந்த எவருக்கும் ஆச்சரியம் இருந்திருக்காது.

இடைவேளையில் ஐஸ்கிரீம் வரிசையில் நிற்கிறோம். அக்கா மகன் கேட்டான்: “மாமா, அந்த மூணு பேரும் எப்ப வெளிய போனாங்க?”

“யாரு?”

“புலியப் புடிச்சிருந்தாங்களே, அவங்கதான். படகு வந்தப்புறம் காணோமே.”

“போகவே இல்லடா. கடைசி வரைக்கும் உள்ளதான் இருந்தாங்க.”

“சும்மா சொல்லாதீங்க மாமா.”

சத்தியம் செய்தும் நம்பவில்லை. இடைவேளைக்குப் பிறகு புலி வந்ததும் என் கையை அழுத்தினான். மூன்று பேரும் இருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவனுக்கு மறுபடியும் அவர்கள் காணாமல் போனார்கள் என்பது அவன் முன்னால் சாய்ந்து உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது.

இந்த நாடகத்தின் மேல் நான் இவ்வளவு கிறுக்காக அலைவதற்குக் காரணம் அந்தக் கேள்விதான். கதை எங்கே போய் முடிகிறது என்று படம் பார்த்தவர்களுக்குத் தெரியும். (தெரியாதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.)

அதிகாரிகள் புலிக் கதையை நம்ப மறுக்கிறார்கள். சரி, விலங்குகள் இல்லாத கதை வேண்டுமா என்று பை கேட்கிறான். சொல்கிறான். படகில் இருந்தவர்கள் நான்கு மனிதர்கள்: ஒரு சமையல்காரன், கால் ஒடிந்த ஒரு மாலுமி, பையின் அம்மா, பை. கழுதைப்புலி யார், வரிக்குதிரை யார், ஒராங்குட்டான் யார் என்று நமக்கு ஒவ்வொன்றாகப் புரிகிறது. கடைசியில் புலி யார் என்பதும். அப்போது மேடையில் பொம்மை இல்லை, அலை இல்லை, இசை இல்லை. வெள்ளை வெளிச்சத்தில் ஒரு பையன் கட்டிலில் உட்கார்ந்து சொல்கிறான், அவ்வளவே. அரைமணி நேரத்துக்கு முன்பு கழுதைப்புலி ஒராங்குட்டானின் கழுத்தைப் பிடித்தபோது ‘பொம்மைதானே’ என்று தேற்றிக்கொண்டேன். இப்போது அந்தத் தேறுதலைத் திருப்பி வாங்கிக்கொள்கிறார்கள். எந்தக் கதை உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்று பை கேட்கிறான். படத்தில் இதே கேள்வி வரும்போது நான் யோசித்தேன். மேடையில் யோசிக்க ஒன்றும் மிச்சமில்லை. மூன்று மனிதர்களைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, அவர்களைப் புலி என்று ஒப்புக்கொண்டு, பயந்து, சிரித்து, அதற்குப் பசிக்குமே என்று கவலைப்பட்டு இரண்டு மணி நேரம் கழித்தவன் நான். எனக்கு எந்தக் கதை பிடிக்கும் என்பதை எப்போதோ சொல்லிவிட்டேன்.

படத்தில் கணினி செய்த புலி அற்புதம்தான், சந்தேகமில்லை. அதன் ஒவ்வொரு ரோமமும் நனையும். (அந்தப் புலியைச் செய்த நிறுவனம் ஆஸ்கார் இரவுக்குச் சில நாள் முன்பு திவால் மனு போட்டது ஒரு சோகக்கதை.) ஆனால் அங்கே நம்புவதற்கு நாம் எதுவும் செய்ய வேண்டியதில்லை; எல்லா வேலையையும் கணினி செய்துவிடுகிறது. மேடையில் பாதி வேலை நம்முடையது. நம்பிக்கையைப் பற்றிய ஒரு நாவல், பார்ப்பவனின் நம்பிக்கை இல்லாவிட்டால் வெறும் பலகைத்துண்டாகக் கிடக்கும் ஒரு புலியிடம் வந்து சேர்ந்திருக்கிறது. மார்டெலின் கதை உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்தது இங்கேதான் என்று நான் அடித்துச் சொல்வேன்.

ரிச்சர்ட் பார்க்கர் என்ற பெயரையும் சொல்லிவிட வேண்டும், நாடகம் பார்க்கும் முன் தெரிந்திருந்தால் முதுகு சில்லிடும். கதையில் அது குமாஸ்தா எழுத்துப் பிழை. பிடித்த வேட்டைக்காரனின் பெயர் புலிக்கும், புலியின் பெயர் வேட்டைக்காரனுக்கும் மாறிவிட்டது. ஆனால் சட்டம் படித்தவர்களைக் கேளுங்கள். 1884இல் மிக்னோனெட் என்ற படகு மூழ்கி, நான்கு பேர் சின்னத் தோணியில் தத்தளித்தார்கள். பசி தாங்காமல், அவர்களில் நினைவிழந்து கிடந்த 17 வயதுப் பணியாள் பையனைக் கொன்று தின்றார்கள். டட்லி, ஸ்டீபன்ஸ் என்ற இருவர்மேல் நடந்த அந்த வழக்கு நம் சட்டக் கல்லூரிகளிலும் இன்றுவரை பாடம். செத்த பையனின் பெயர் ரிச்சர்ட் பார்க்கர். போதாக்குறைக்கு, அதற்கு 46 வருஷம் முன்பே எட்கர் ஆலன் போ எழுதிய கடல் நாவலிலும் தின்னப்படும் மாலுமியின் பெயர் அதுவே. மார்டெல் சும்மா வைத்த பெயரா? பை தன் புலியை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒவ்வொரு முறையும் இரண்டாவது கதை உள்ளேயிருந்து எட்டிப் பார்க்கிறது.

நம் ஊர்ப் பொம்மலாட்டத்தில் ஆட்டுபவர் மறைந்திருப்பார். கும்பகோணம் பக்கத்துப் பொம்மலாட்டத்தில், கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிய பெரிய பொம்மையின் கயிறுகளைத் தலையில் மாட்டிய வளையத்தில் கட்டி, திரைக்குப் பின்னால் நின்று அவரே ஆடுவார். தோற்பாவைக் கூத்திலும் நமக்குத் தெரிவது நிழல்தான். ஜப்பானிய புன்ராகுவில் ஒரு பொம்மைக்கு மூன்று பேர், எல்லாரும் கண்முன்னே நிற்பார்கள்; ரிச்சர்ட் பார்க்கர் அந்தப் பரம்பரை. ஆனால் பார்ப்பவனின் மனப்பழக்கம் நமக்குப் புதிதல்ல. தெருக்கூத்தில் இரண்டு பேர் கையில் பிடித்த திரைக்குப் பின்னாலிருந்து துரியோதனன் வருவான். திரை பிடிப்பது யார், வேஷம் கட்டியது யார் மகன் என்று ஊருக்கே தெரியும். படுகளத்தில் அவன் விழுந்ததும் அதே ஊர் அழும்.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. புதுச்சேரி என்று மேடையில் காட்டும் ஊர் என் ஊர் இல்லை. ஏதோ ஒரு பொதுவான இந்திய ஊர். வண்ணத் துணியும் சந்தைக் கூச்சலும் போட்டு ஒப்பேற்றியிருக்கிறார்கள். நாவலில் வரும் நேரு வீதியின் இந்தியன் காபி ஹவுஸ் மாதிரி ஒரே ஒரு அசல் மூலை போதும், ஊர் வந்திருக்கும். நெருக்கடி நிலைக்காலத்து அரசியலை இரண்டு வரியில் அவசரமாகச் சொல்லிவிட்டுக் கப்பலேற்றி விடுகிறார்கள். பை இந்துவாகவும் கிறிஸ்தவனாகவும் முஸ்லிமாகவும் ஒரே நேரத்தில் இருக்க விரும்புவது நாவலின் உயிர்நாடி. மேடையில் அது சிரிப்புக் காட்சியாகச் சுருங்கிவிட்டது. முதல் அரைமணி நேரம் எனக்குக் கொஞ்சம் நெளிச்சல்தான். அப்பா ஆட்டைப் புலிக்குப் போட்டு, விலங்கு உன் நண்பன் இல்லை என்று பிள்ளைகளுக்குக் காட்டும் காட்சி வந்ததும் நெளிச்சல் நின்றது. அதற்குமேல் எனக்குக் குறை தேட நேரமில்லை. மறுபடியும் போனேன், மேல்தள சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். இரவுக் கடலில் ஒளிரும் மீன்களை நடிகர்கள் கையில் ஏந்தி ஓடும்போது கீழே தரை முழுவதும் நீலம் அலையடிப்பது மேலிருந்து பார்த்தால்தான் முழுசாகத் தெரிகிறது.

கடைசியில் மெக்சிகோ கரையைத் தொட்டதும் புலி காட்டை நோக்கி நடக்கிறது. பை காத்திருக்கிறான், ஒருமுறை திரும்பிப் பார்க்கும் என்று. பார்க்கவில்லை. மூன்று பேரும் அதே மூச்சோடு நடந்து போய்விட்டார்கள். கைதட்டலின்போது புலியைத் திரும்பக் கொண்டு வந்தபோது அக்கா மகன் நாற்காலியில் ஏறி நின்று விசில் அடித்தான். ‘ஓகே’ என்று சொல்லவில்லை.

2019இல் ஷெஃபீல்டு க்ரூசிபிள் தியேட்டரில் தொடங்கிய நாடகம் இது. கொரோனாவால் ஒரு வருஷத்துக்கு மேல் தள்ளிப்போய் 2021 கடைசியில் லண்டனுக்கு வந்தது, 2023 ஜனவரி வரை ஓடியது. பிறகு பிராட்வே; அங்கே அரங்க அமைப்பு, ஒளி, ஒலி மூன்றுக்கும் டோனி விருது. அதன்பின் இங்கிலாந்து, அமெரிக்கா என்று ஊர் ஊராகச் சுற்றுப்பயணம். நேஷனல் தியேட்டர் லைவ் படம்பிடித்து 2023இல் சினிமா அரங்குகளிலும் காட்டியது. நீங்கள் இருக்கும் ஊருக்கு எந்த வடிவில் வந்தாலும் விட்டுவிடாதீர்கள். நாடகமாகவே வந்தால் முன்வரிசைக்குப் பணத்தைக் கொட்டாமல் மேல்தளத்தில் எடுங்கள். ரொம்பச் சின்னக் குழந்தைகளை மட்டும் அழைத்துப் போகாதீர்கள். கழுதைப்புலி வரிக்குதிரையைக் கடிக்கும் இடம் பெரியவர்களுக்கே பொறுக்காது.

இன்னொரு வேண்டுகோள், நம் நாடகக்காரர்களுக்கு. பிரெஞ்சு இயக்குநர் ஆரியான் முனுஷ்கின் புதுச்சேரி வந்து பட்டறை நடத்தி, புரிசைத் தெருக்கூத்தைப் பாரிஸ் மேடைக்கு எடுத்துப்போனார். அதே புதுச்சேரியில் பல்கலைக்கழகத்துக்கு நாடகத் துறை இருக்கிறது, பயிற்சி பெற்ற நடிகர்கள் இருக்கிறார்கள், பக்கத்து மாவட்டங்களில் கூத்து வாத்தியார்களும் பொம்மலாட்டக் குடும்பங்களும் இருக்கிறார்கள். ஒளிப்படக் கடலுக்குக் காசு வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். மூச்சு விடும் புலிக்கு மூன்று பேர் போதும். உரிமை வாங்குங்கள், பையைத் தமிழில் பேச வையுங்கள். முதல் நாள் முதல் டிக்கெட் என்னுடையது.